வாசிக்கப் பிடிக்கவில்லையா, வாசிக்க வரவில்லையா?

#1 சாக்பீஸ்தூள் (இழையைத் தொடங்கியவர்)

தொடக்கப் பள்ளியில் 14 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். பெரும்பாலும் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும். என் மகனுக்கு இப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, வேறு ஒரு பள்ளி. இதை ஆசிரியையாக எழுதுவதா அம்மாவாக எழுதுவதா என்று ஒரு வாரமாக யோசித்தேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் கவனிக்காமல் விட்டிருக்கிறோம், அதனால் இரண்டு பேருமாகவே எழுதுகிறேன்.

அவனுக்குக் கதை என்றால் உயிர். இரவில் நான் வாசிக்க ஆரம்பித்தால் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று விடமாட்டான். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்து "நீ வாசி" என்றால் உடனே தாகம் எடுக்கும், கால் வலிக்கும், பென்சில் சீவ வேண்டியிருக்கும். முதலில் சோம்பல் என்று நினைத்தேன். பிறகு ஃபோன்தான் காரணம் என்று அதை எடுத்து ஒளித்து வைத்தேன். அப்புறம், நான் வாசித்துக் காட்டிக் காட்டியே சொகுசு பழகிவிட்டான் என்று முடிவு கட்டி, பத்து நாள் கதை வாசிப்பதையே நிறுத்தினேன். இப்போது எல்லாவற்றையும்விட அந்தப் பத்து நாளை நினைத்தால்தான் மனசு வலிக்கிறது.

போன மாதம் ஒரு புதுப் படக்கதைப் புத்தகம். "முயல் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது" என்று அச்சாகியிருக்கிறது. படத்தில் புதரை ஒட்டி ஒரு குழியும் தெரிகிறது. இவன் விரலை வரியில் ஓட்டிக்கொண்டே, "முயல் குழிக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு" என்று வாசித்தான். ஒரு தடங்கல் இல்லை. முன்பும் பல தடவை இப்படிச் செய்திருக்கிறான், கதையைத் தன் பாணியில் சொல்கிறான் என்று ரசித்திருக்கிறேன். அன்றைக்கு ஏனோ சந்தேகம் வந்தது. படத்தைக் கையால் மறைத்துவிட்டு அதே வரியை மறுபடி வாசிக்கச் சொன்னேன். "முயல்" என்றான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

மறுநாள் அர்த்தமே இல்லாத சில சொற்களை ஒரு தாளில் எழுதினேன்: மிபா, தொகி, சைபு, கூவெனு. இது என் வகுப்பில் வருடா வருடம் நான் செய்வதுதான். அர்த்தம் இல்லாத சொல்லை ஊகிக்க முடியாது, எழுத்தைப் பார்த்தே ஆகவேண்டும், அதனால் குழந்தைக்கு எது வருகிறது எது வரவில்லை என்பது தெரிந்துவிடும். "மிபா" மட்டும் வந்தது. தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, "எனக்கு வராதும்மா" என்றான்.

பள்ளியில் எப்படி மதிப்பெண் வாங்கினான் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வினா விடையை மற்ற பிள்ளைகள் சத்தமாகச் சொல்லும்போது காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். தேர்வில் கேள்வியின் முதல் சொல்லைப் பார்த்து, அது எந்தக் கேள்வி என்று அடையாளம் கண்டு, அந்தப் பதிலை எழுதியிருக்கிறான். எவ்வளவு உழைப்பு! சோம்பல் என்று நான் சொன்ன பிள்ளை, வாசிக்காமலே தப்பிப்பதற்கு, வாசிப்பதைவிட அதிகமாக உழைத்திருக்கிறான்.

உங்களில் யார் வீட்டிலாவது "இவனுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை" என்ற பேச்சு இருந்தால், ஆர்வத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை படத்தை மறைத்துப் பாருங்கள். வரவில்லை என்பதும் பிடிக்கவில்லை என்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

#2 ரெட்டைப்பிள்ளை அப்பா

டீச்சர், படித்ததும் உடனே என் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எங்கள் வீட்டில் தலைகீழ்க் கதை. பத்து வயது. எதைக் கொடுத்தாலும் ரயில் மாதிரி வாசிக்கிறாள். நீங்கள் எழுதிய மிபா, தொகி எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. ஆனால் ஒரு பக்கம் வாசித்து முடித்ததும் "என்னம்மா சொல்லியிருக்கு?" என்றால் மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்கிறாள். சொல்லத் தெரியவில்லை. கவனம் இல்லை என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இதுவும் அதே மாதிரி ஏதாவதா?

#3 பழைய கரும்பலகை

அன்புள்ள ஆசிரியைக்கு, நான் 31 ஆண்டுகள் பணிசெய்து ஓய்வுபெற்றவன். மனம் திறந்து எழுதியதற்கு வணக்கம். ஆனால் ஒன்று சொல்வேன், வருத்தப்படக் கூடாது. எங்கள் காலத்தில் ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்பு வரை இப்படித் தப்பித்து வந்திருக்க முடியாது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்தும் கண்ணை மூடிக்கொண்டு வரும்வரை விடமாட்டோம். இப்போது எழுத்துக்கு முன்னால் சொல், சொல்லுக்கு முன்னால் படம் என்று வைத்துக்கொண்டு, பிள்ளையை ஊகிக்கப் பழக்குகிறார்கள். ஊகிக்கப் பழக்கினால் ஊகிக்கத்தானே செய்வான்? எழுத்தை ஒழுங்காகக் கற்றுக்கொடுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

#4 சாக்பீஸ்தூள்

ஐயா, வருத்தமில்லை. நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், என்னவாக இருக்கும் என்று யோசி: இப்படி நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது. இனி சொல்லமாட்டேன்.

247 என்பதுதான் கொஞ்சம் இடறுகிறது. வரிசையாக ஒப்பிப்பது வேறு, நடுவில் ஒரு எழுத்தைக் காட்டினால் சொல்வது வேறு. என் வகுப்பில் க, கா, கி, கீ என்று பாட்டாகச் சொல்லும் பிள்ளையிடம் "கே"யை மட்டும் காட்டினால், முதலிலிருந்து ஆரம்பித்து விரல்விட்டு எண்ணி அங்கே வந்து சேரும். ஒப்பித்ததெல்லாம் வாய்க்குத்தான் பழகியிருக்கிறது, கண்ணுக்குப் பழகவில்லை.

தமிழ் எழுத்தில் குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது என்பதை மகனோடு உட்கார்ந்தபோதுதான் நானே மெதுவாகப் பார்த்தேன். கா, கி, கீ சிக்கல் இல்லை, கண் போகும் திசையில் ஒலியும் போகிறது. கெ, கே, கை வரும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ இன்னும் கஷ்டம், குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. என் மகன் "தொகி"யை "தெ... ஆ... கி" என்றுதான் வாசித்தான். அவன் பார்த்ததைத்தான் வாசித்திருக்கிறான்! உகர வரிசையில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு விதமாக வளைகிறது: கு, சு, டு, து, பு, மு. கூ, சூ, தூ, பூ இன்னும் வேறு. "கௌ"வில் வரும் குறி ள மாதிரியே இருக்கிறது. இதெல்லாம் நமக்கு மறந்தே போய்விட்டது. நடக்கத் தெரிந்தவருக்கு நடை எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்காது, அது போல.

நாங்கள் செய்தது இதுதான். தினமும் பத்தே நிமிடம், அதற்கு மேல் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு குறி. ஒற்றைக்கொம்பு என்றால் அன்றைக்கு அது மட்டும்: கெ, செ, தெ, பெ, மெ. ஒரு அட்டையில் மெய் வரிசை, சின்னச் சின்னத் துண்டுகளில் குறிகள். நகர்த்தி நகர்த்தி வைத்து, வைத்ததை ஒலிக்கச் சொல்வேன். கொ வரும்போது இரண்டு துண்டையும் ஒரே நூலில் கட்டிவைத்தேன். இரண்டும் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று கையால் தொட்டதும் புரிந்துவிட்டது. பிறகு அந்த எழுத்துகள் மட்டும் வரும் இரண்டு மூன்று வரிகள், நானே எழுதியவை, படம் இல்லாமல்.

கதை வாசிப்பதையும் மறுபடி தொடங்கினேன். பத்து நிமிடம் பயிற்சி வேறு, கதை வேறு. கதை நேரத்தில் "இது என்ன எழுத்து, சொல்லு" என்று கேட்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். அப்படித்தான் கேட்டான், சத்தியம் பண்ணு என்று.

ஐயா சொன்னதில் நான் ஒத்துக்கொள்ளாத மறுபாதி "மற்றதெல்லாம் தானாக வரும்" என்பது. #2இல் எழுதியவரின் மகளுக்கு எழுத்து முழுவதும் வந்துவிட்டது, மற்றது வரவில்லை. 1986இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்கு சொன்னார்கள்: வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் சுழியம் என்றால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை சுழியம்தான். என் மகனுக்கு ஒரு பக்கம் குறைந்தது, அவர் மகளுக்கு மறுபக்கம் குறைகிறதோ என்று நினைக்கிறேன். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இப்போது விடைத்தாள் திருத்த வேண்டும்.

#5 தூக்கமில்லா அம்மா

இதற்காகப் பிள்ளையை அடித்திருக்கிறேன். இரண்டாம் வகுப்பில். "வேணும்னே பண்றான்" என்று நினைத்து. வேறு எதுவும் எழுத முடியவில்லை. நாளைக்குக் காலையில் படத்தை மறைத்துப் பார்க்கப் போகிறேன்.

#6 பழைய கரும்பலகை

அம்மா, பிள்ளைகள் மன்னிக்கத் தெரிந்தவர்கள். "உனக்கு வராதது எனக்குத் தெரியாமல் போச்சு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நானும் அடித்திருக்கிறேன், ஊரார் பிள்ளைகளை. அவர்களில் சிலரிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஆசிரியைக்கு: கொம்பும் காலும் நூலில் கட்டிய யோசனை நன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கை மாதிரி வளைவோடு தனி வடிவமாக இருந்தன, ணா, றா, னா மூன்றுக்கும் தனி வடிவம். அவற்றையும் சேர்த்துக் கற்பித்தவன் நான். புது வடிவம் வந்தபோது பிள்ளைகள் நிம்மதியாக மூச்சு விட்டதைக் கண்ணால் பார்த்தேன். ஆக, எழுத்தின் வடிவமே ஒரு சுமை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெருக்கல் கணக்கை யோசிக்கிறேன்.

#7 அலமாரிக்காரி

நான் நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பெற்றோர் பிள்ளையோடு வருவார்கள். பிள்ளை ஒரு காமிக்ஸை எடுக்கும். "இது வேணாம், அறிவு வளர்ற மாதிரி எடு" என்று அதை வாங்கி வைத்துவிட்டு, தலைவர்களின் வாழ்க்கை வரலாறு ஒன்றைக் கையில் திணிப்பார்கள். அந்தப் புத்தகம் அடுத்த வாரம் திரும்பி வரும்போது திறந்த அடையாளமே இருக்காது. கிழிந்த, அழுக்கான, ஓரம் மடங்கிய புத்தகங்கள்தான் வாசிக்கப்பட்டவை.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். சிறுவர் பகுதியில் நின்று பார்த்தால் இந்த இரண்டும் தினமும் நடப்பது தெரியும். ஒரே புத்தகத்தை ஒன்பது தடவை எடுத்துப்போன பையன் இருக்கிறான். அப்பா என்னிடம் குறைபட்டுக்கொண்டார். விடுங்கள் என்றேன். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால்தான் அவனால் எழுத்தைக் கவனிக்க முடிகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் தைரியமாக வாசிக்கிறான். பத்தாவது தடவை, அதே வரிசையில் பக்கத்தில் இருந்த புத்தகத்தை அவனே எடுத்தான்.

சாக்பீஸ்தூள் அக்கா, உங்கள் மகனுக்கு அவன் வயதைவிடச் சின்னப் புத்தகம் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டச் சொல்லி அதைக் கொடுங்கள். அப்போது "சின்னப் பிள்ளை புத்தகம்" என்ற கூச்சம் வராது.

#8 கணக்கு வாத்தியார்

எல்லாம் சரி. ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. "கதை நேரத்தில் கேள்வியே கேட்கமாட்டேன்", "விருப்பம் போல வாசிக்க விடுங்கள்" என்று போய்க்கொண்டே இருந்தால், கற்றல் எங்கே நடக்கிறது? ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இருக்கிறது. ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று தடவை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு 40 விழுக்காடு நினைவில் நின்றது, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61. ஆகவே கேள்வி கேட்பதும் தேர்வு வைப்பதும் பிள்ளைக்கு நல்லதுதான். தேர்வு என்றாலே கொடுமை என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. என் மாணவர்களுக்குத் தினமும் ஐந்து நிமிடத் தேர்வு வைக்கிறேன், அதனால்தான் தேறுகிறார்கள்.

#9 சாக்பீஸ்தூள்

> தேர்வு என்றாலே கொடுமை என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

சார், நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சோதனை எனக்கும் தெரியும், வகுப்பில் தினமும் பயன்படுத்துகிறேன். அறிவியல் பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, நினைவிருப்பதை எழுதச் சொல்வேன். அதற்கு மதிப்பெண் போடுவதில்லை. நீங்கள் உங்கள் ஐந்து நிமிடத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிறீர்களா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், ஏனென்றால் அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. ரூத் பட்லர் 1988இல் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார். சிலருக்குக் குறிப்பு மட்டும் எழுதிக்கொடுத்தார், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். எண்ணைப் பார்த்ததும் குறிப்பு கண்ணில் படுவதில்லை போலிருக்கிறது. நோட்டு திருத்திக் கொடுத்ததும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். எத்தனை என்று பார்ப்பார்கள், பக்கத்துப் பையனுக்கு எத்தனை என்று பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள். நான் அரைமணி நேரம் செலவழித்து ஓரத்தில் எழுதியதெல்லாம் வீண்.

இரவுக் கதைக்கு ஏன் கேள்வி வேண்டாம் என்றால், அங்கே அவன் நினைவில் வைப்பதற்காக வரவில்லை. என்னோடு இருக்க வருகிறான். நான் முன்பு கேட்ட கேள்விகளை யோசித்துப் பார்க்கிறேன்: "முயலின் பெயர் என்ன? அது எங்கே போனது?" விடை எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். விடை தெரிந்துகொண்டே கேட்பது பரீட்சைதானே? இப்போது நாங்கள் பேசாமல் இல்லை. "எனக்கு அந்த நரியைப் பார்த்தா பாவமா இருக்கு" என்று நான் சொன்னால், அவன் அரைமணி நேரம் நரிக்கு எதிராக வாதாடுகிறான். கதையை எவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறான் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

#10 கணக்கு வாத்தியார்

மதிப்பெண் போடுகிறேன். பட்டியலும் ஒட்டுகிறேன். ஒரு மாதம் போடாமல் பார்க்கிறேன். பட்டியலையும் எடுத்துவிடுகிறேன்.

#11 ரெட்டைப்பிள்ளை அப்பா

டீச்சர், என் மகளை மறந்துவிட்டீர்கள்.

#12 சாக்பீஸ்தூள்

மன்னியுங்கள், மறக்கவில்லை. இதைச் சரியாக எழுத வேண்டும் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

முதலில் ஒரு சோதனை. அவள் வாசித்துப் புரியாத ஒரு பக்கத்தை, நீங்கள் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள், நிறுத்தி நிதானமாக. கேட்டுவிட்டுச் சொல்லத் தெரிந்தால், ஒலிக்கும் வேலையே அவள் கவனத்தையெல்லாம் தின்றுவிடுகிறது என்று அர்த்தம். அதற்கு ஒரே பத்தியை நாலைந்து முறை, குரலில் ஏற்ற இறக்கத்தோடு, யாருக்காவது வாசித்துக் காட்டப் பழக்கலாம். கேட்டும் புரியவில்லை என்றால், சிக்கல் வாசிப்பில் இல்லை, அந்த மொழியிலும் அந்த விஷயத்திலும் இருக்கிறது.

மொழி என்று நான் சொல்வது இதைத்தான். வீட்டில் "வந்துட்டாங்க" என்கிறோம், புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்று இருக்கிறது. "இருக்கு" என்று பேசுகிறோம், "இருக்கின்றன" என்று வாசிக்க வேண்டும். "எனினும்", "அவற்றுள்", "இயலவில்லை", "அதன் பொருட்டு": ஒரு குழந்தை ஒரு நாள் முழுக்க நம் பேச்சைக் கேட்டாலும் இந்தச் சொற்களில் ஒன்றுகூடக் காதில் விழாது. பிறந்ததிலிருந்து தமிழ் பேசும் பிள்ளைக்கும் எழுத்துத்தமிழ் பாதி புதுமொழிதான். என் மகன் "ஒளிந்துகொண்டது" என்பதை "ஒளிஞ்சுக்கிச்சு" என்று வாசித்ததை முதலில் எழுதினேனே, அதில் இதுவும் கலந்திருந்தது.

எழுத்தைக் கூட்டுவதற்கே காது தேவைப்படுகிறது. "தம்பி"யில் வரும் பி வேறு, "பிடி"யில் வரும் பி வேறு ஒலி. "கடல்", "தங்கம்", "அகலம்" மூன்றிலும் ஒரே க, ஒலி மூன்று. எழுத்து எந்த ஒலி என்று காட்டாது. சொல்லை முன்பே கேட்டிருந்தால்தான் நாக்கு சரியான ஒலிக்குப் போகும். முன்பே கேட்காத சொல்லை உங்கள் மகள் திருத்தமாக உச்சரித்துவிடுவாள், ஆனால் அது போய்ச் சேர உள்ளே ஓர் இடம் இருக்காது. ரயில் ஓடுகிறது, நிற்க ஸ்டேஷன் இல்லை.

எழுத்துத்தமிழைக் காதுக்குக் கொண்டுபோக எனக்குத் தெரிந்த ஒரே வழி, பெரியவர்கள் வாசித்துக் காட்டுவது. கதையைச் சொல்வது அல்ல. சொன்னால் பேச்சுத்தமிழில்தான் சொல்வோம். அச்சில் இருப்பதை இருக்கிறபடியே வாசிக்க வேண்டும். பத்து வயது ஆகிவிட்டதே, தானே வாசிக்கிறாளே என்று நிறுத்திவிடாதீர்கள். அவளால் தானாக வாசித்துப் புரிந்துகொள்ள முடிவதைவிட ஒரு படி கடினமான புத்தகமாக எடுங்கள். அங்கேதான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள்.

இரண்டாவது, விஷயம். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 பள்ளி மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் பேஸ்பால் தெரிந்தவர்கள், அதைப் புரிந்துகொண்டார்கள். நன்றாக வாசிக்கும் பிள்ளைகள், ஆட்டம் தெரியாதவர்கள், திணறினார்கள். ஆக "இவளுக்குப் புரிதல் குறைவு" என்று பொதுவாகச் சொல்வதற்கு முன்னால், எதைப் பற்றிய பக்கம் அது, அதைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். அவளுக்கு எதில் பைத்தியம்? விண்வெளியா, பூச்சியா, கால்பந்தா? அதைப் பற்றிய பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். கவனக்குறைவு என்று மட்டும் சொல்லாதீர்கள். புரியாத மொழியில் ஒரு பக்கம் கொடுத்தால் நம் கவனமும் பத்து நொடிதான் நிற்கும்.

#13 தூக்கமில்லா அம்மா

படத்தை மறைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஒன்பது வயதாகிறது. எழுத்துகளை ஒரு வருடமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாயிற்று, இன்று வருவது நாளைக்கு இல்லை. இது டிஸ்லெக்சியாவா? பள்ளியில் "மூளை வளர்ச்சி எப்படி என்று பாருங்கள்" என்கிறார்கள். அழுகைதான் வருகிறது.

#14 மெதுவாகப் படி

அம்மா, நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. முதலில் இதைக் கேளுங்கள். டிஸ்லெக்சியா என்பது அறிவுக் குறைவு இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் வரும் சிரமம் அது. கூர்மையான அறிவுள்ள பிள்ளைகளுக்கும் இருக்கும், குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். அப்பாவோ மாமாவோ "எனக்கும் சின்ன வயசுல வாசிக்கவே வராது" என்று சொன்னதுண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு அதுதானா என்று இங்கே எழுதியதை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைந்த பிள்ளை, கவனமில்லாத பிள்ளை மாதிரியே தெரியும். அது சரியாக இருந்தால், கற்றல் குறைபாடுகளை மதிப்பிடப் பயிற்சி பெற்ற உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ முறையான மதிப்பீடு செய்யுங்கள். போகும்போது நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் போங்கள்.

எழுத்தைத் திருப்பி எழுதுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எழுதக் கற்கும் வயதில் நிறையக் குழந்தைகள் அப்படி எழுதும். வண்ணக் கண்ணாடி, வண்ணத் தாள், மூளைப் பயிற்சி என்று விற்கிறார்கள், அவற்றை நம்பிப் பணத்தையும் காலத்தையும் விடாதீர்கள். பலன் தருவது எழுத்து-ஒலித் தொடர்பை ஒழுங்காக, படிப்படியாக, நிறையத் திருப்பிச் செய்து, கண், காது, கை எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பிப்பதுதான். ஆசிரியை நூலில் கட்டிய துண்டுகள் மாதிரி. உங்கள் பிள்ளைக்கு அதுவே இன்னும் மெதுவாக, இன்னும் பல மடங்கு தடவை தேவைப்படலாம். மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலும் அதைத் தொடங்கலாம், எந்தக் கெடுதலும் இல்லை.

இன்னொன்று. பாடங்களை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பு பின்தங்கியதால் அறிவியலும் சமூக அறிவியலும் பின்தங்க வேண்டியதில்லை. காதால் கற்கட்டும். தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துச் சொல்ல ஒருவர் என்று வசதிகள் கேட்கலாம். "மூளை வளர்ச்சி" என்று சொன்னவரிடம் மதிப்பீட்டு அறிக்கையோடு போய்ப் பேசுங்கள். தனிமடல் அனுப்புங்கள், கூடவே இருக்கிறேன்.

#15 ரெட்டைப்பிள்ளை அப்பா

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டீச்சர் சொன்ன சோதனையைச் செய்தேன். சமூக அறிவியல் பக்கத்தை நான் வாசித்துக் காட்டியும் அவளுக்குப் புரியவில்லை. "ஆட்சிமுறை"ன்னா என்னப்பா என்றாள். "நிர்வாகம்"? தெரியாது. "எல்லை"? கிரிக்கெட்டில் வருவது. ஒரே பத்தியில் ஏழு சொல் தெரியவில்லை. ஒரு வருடமாக இதை மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

இப்போது இரவில் நான் வாசிக்கிறேன். எனக்கே சத்தமாக வாசித்துப் பழக்கமில்லை, முதல் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. திமிங்கிலங்களைப் பற்றிய புத்தகம், அவள் தேர்ந்தெடுத்தது. தெரியாத சொல் வந்தால் கையைத் தூக்குகிறாள், நிறுத்துகிறேன். முதல் நாள் பக்கத்துக்குப் பத்து தடவை தூக்கினாள். நேற்று ஒரு தடவை, அதுவும் எனக்கும் தெரியாத சொல். இரண்டு பேரும் அகராதியில் தேடினோம். நேற்றுதான் திமிங்கிலம் ஏன் மீன் இல்லை என்று அவள் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னாள், புத்தகத்தைப் பார்க்காமல்.

#16 பழைய கரும்பலகை

ஆசிரியை, உங்கள் மகன் எப்படி இருக்கிறான்?

#17 சாக்பீஸ்தூள்

ஐயா, விசாரித்ததற்கு நன்றி. அவனுக்குக் கண், காது எல்லாம் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது. எழுத்து ஒழுங்காகச் சொல்லித்தரப்படவில்லை, அவ்வளவுதான் என்று சொன்னார்கள். ஒரு ஆசிரியையின் வீட்டில்.

கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் எல்லாம் முடிந்தது. உகர வரிசையில் டு, மு, ரு இன்னும் குழம்புகிறான். வேகம் இல்லை. ஒரு பக்கத்துக்கு வெகு நேரம் ஆகிறது, வகுப்பில் மற்றவர்கள் முடித்துவிட்டு இவனுக்காகக் காத்திருப்பது அவனுக்குத் தெரிகிறது. வகுப்பாசிரியையிடம் பேசினேன். திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை என்றும், எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிடுவதாகவும் ஒத்துக்கொண்டார். அந்தப் பத்தியை வீட்டில் ஐந்து தடவை வாசித்துவிட்டுப் போகிறான்.

அலமாரிக்காரி சொன்னபடி பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாசித்துக் காட்டுகிறான். நான்கு வயது. அது நடுவில் எழுந்து ஓடிவிடுகிறது, இவன் பின்னாலேயே புத்தகத்தோடு ஓடுகிறான்.

நேற்று இரவு நான் தூக்கக் கலக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். "அவள் கதவைத் திறந்தாள்" என்று இருந்ததை "அவள் கதவைத் தட்டினாள்" என்று வாசித்துவிட்டேன். "திறந்தாள்னு போட்டிருக்கும்மா" என்றான். அவன் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியம் செய்திருக்கிறேனே. திருத்திக்கொண்டு மேலே வாசித்தேன்.